டிபரன்ஷியல் எண்ணெயில் ஜலம் கலந்திருப்பதை அறியும் விதம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய கரிசற்காட்டு ஊர்களில் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றைக் களத்திலிருந்து ஏற்றிச் செல்வதற்குப் பிக்கப் வண்டியை வைத்திருக்கும் விவசாயிகள் அநேகர். இவர்கள் எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் பார்க்கிறார்கள். பின் ஆக்சிலின் நடுவே புடைத்திருக்கும் டிபரன்ஷியல் பெட்டியையோ, அங்கிருந்து இரைச்சல் எழும் வரையில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரைச்சல் எழும்போது பல்சக்கரங்கள் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். எண்ணெய் மாற்றும் செலவு எங்கே, கிரவுன் பினியன் மாற்றும் செலவு எங்கே!

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவரும் சந்தேகிப்பர். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் ஓடையை ஒருமுறை கடப்பதே இக்கேட்டுக்குப் போதுமானது. ஓட்டத்தினால் சூடேறிய பெட்டி குளிர்ந்த ஜலத்தில் இறங்கியவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அதனால் பிரீதர் என்னும் மூச்சுத் துவாரத்தின் வழியாக ஜலம் உள்ளே இழுக்கப்படுகிறது. நமது கரிசல் மண்ணோ ஈரத்தில் பசைபோல் ஒட்டி, காய்ந்தபின் கல்லாக இறுகி, இத்துவாரத்தையே அடைத்துவிடும். அப்பொழுது சூட்டில் விரிந்த காற்று எண்ணெயை ஆயில் சீல் வழியே வெளித்தள்ளும். அவ்வெண்ணெய் பிரேக் கட்டைகளை நனைத்துவிட்டால் அபாயம் உண்டு. குளிரும்போது அந்தச் சீல் வழியாகவே ஜலம் உட்புகும்.

சோதனைக்கு வண்டியை இரவு முழுவதும் சமதரையில் நிறுத்திவைக்க வேண்டும். காலையில் முதலாவதாக மேலேயுள்ள நிரப்பும் திருகைக் கழற்றுக. அது திறவாதாயின் எண்ணெயை வடிக்கவே கூடாது. வடித்தபின் நிரப்ப வழி இராது. திறந்தவுடன் எண்ணெய் வழிந்தால் ஜலம் புகுந்திருக்கலாம் எனச் சந்தேகிக்க. பிறகு அடித்திருகைச் சிறிது தளர்த்துக. ஜலம் எண்ணெயைவிடக் கனமாகையால், பிரிந்து நிற்குமானால் முதலில் அதுவே சொட்டும். கலந்திருந்தால் எண்ணெய் பால் விட்ட காப்பியின் நிறமாயிருக்கும். ஐயம் தீராவிடில், திறந்த வெளியில், சூடேற்றிய இரும்புக் கரண்டியில் இரண்டொரு சொட்டு விட்டு, முகத்தை விலக்கிக் கவனிக்க. ஜலமிருந்தால் சடசடவென்று வெடிக்கும்.

திருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பான தேய்மானமே. சிம்பு சிம்பாக இரும்புத் துண்டுகள் காணப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். விரலிடையே தேய்க்கையில் நறநறத்தால் மண் சேர்ந்திருக்கிறது. இவ்வெண்ணெயில் கந்தக நெடி வீசுவது பற்றிச் சிலர் அஞ்சுகிறார்கள்; அது எண்ணெயில் சேர்க்கப்பட்ட மருந்தின் இயல்பான வாசனை. கருகல் நாற்றமே கெட்ட அடையாளம்.

ஜலம் கண்டால் எண்ணெய் முழுவதையும் வடித்துப் புது எண்ணெய் விட்டுச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, மீண்டும் பார்க்க. அதுவும் வெளுத்தால் மறுபடி மாற்றுவதே சரி. வண்டிக் கையேட்டில் கண்ட தரத்தையே வாங்கி, நிரப்பும் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை விடவேண்டும். பிரீதரைக் கழுவி, முடிந்தால் ரப்பர்க் குழாய் இணைத்து உயரே கட்டுக. வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.