கணக்கை யார் பார்ப்பது?

"கமர்ஷியல் பிராக்டிஸ் படிக்கிற பிள்ளை, ஆடிட்டிங்கைப் பத்தி எழுத வந்துட்டா" என்று மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாளைக்கு நீங்கள் அப்ரெண்டிஸாகச் சேர நினைக்கிற ஸ்பிக் ஆகட்டும், சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆகட்டும், இரண்டுமே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள். ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானோர் போட்ட பணத்தில் நடப்பவை. பணம் போட்டவர் ஒருவர், நடத்துகிறவர் வேறொருவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள நம்பிக்கையை வெறும் வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் சட்டமாகவும் பழக்கமாகவும் ஆக்கி வைத்திருப்பதுதான் நிறுவன நிர்வாக நெறி. தணிக்கை அதில் ஒரு பகுதி.

இது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தால் நம் கடற்கரையைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு அரசு ஏற்பாட்டில் நடந்தது. கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். பிரிப்பது குளிகாரர், எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அதிகாரி. இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. (உயிரைப் பணயம் வைத்து முங்கியவனுக்கு மூன்றில் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.) ஆனால் பிரிக்கிறவன் ஒருத்தன், எடுக்கிறவன் இன்னொருத்தன் என்று வைத்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். ஒரு குவியலைச் சிறிதாக வைத்தால் அதுவே தன் தலையில் விழும் என்று பிரிப்பவருக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகம் இதையே உள்கட்டுப்பாடு என்று நான்கு பக்கத்திற்கு விளக்குகிறது.

நம் ஊரின் புகழ்பெற்ற கம்பெனி சுதேசி கப்பல் கம்பெனி. 1906 அக்டோபர் 16-ல் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். உயிராக நின்று ஓடியாடியவர் வ.உ.சி. 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய் இலவசம் வரைக்கும் இறங்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. செக்கிழுத்ததை எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த 25 ரூபாயைப் போட்ட சாதாரணப் பங்குதாரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி அல்ல என்றாலும், பொதுமக்களிடம் பங்கு விற்ற கம்பெனி. ஒருவர் சிறைக்குப் போனதும் தள்ளாடுகிற அளவுக்கு ஒரு கம்பெனி ஒரே ஆளின் தோளில் நிற்கலாமா என்ற கேள்வியை, அவர்மேல் உள்ள மரியாதை குறையாமலே கேட்கலாம் என்பது என் எண்ணம்.

இன்றைய சட்டப்படி பங்குதாரர்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயக்குநர் குழு நிர்வாகத்தை மேற்பார்க்கிறது. தணிக்கையாளரை நியமிப்பதும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள்தான். அதாவது ஆடிட்டர் முதலாளியின் ஆள் அல்ல, நம்முடைய ஆள். ஆனால் அவருக்குச் சம்பளம் போவது கம்பெனியின் பணத்திலிருந்து, அன்றாடம் முகம் பார்ப்பது மேனேஜரை. சிக்கல் தொடங்குகிற இடம் இதுதான்.

இந்தச் சிக்கல் வெடித்த இடம் ஹைதராபாத். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 1987-ல் தொடங்கிய கம்பெனி. 2008-ல் நல்ல நிர்வாகத்துக்காக 'கோல்டன் பீகாக்' விருதே வாங்கியது! அதே ஆண்டு டிசம்பர் 16-ல், தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் கையில் இருந்த மேட்டாஸ் என்ற பெயருள்ள இரண்டு கம்பெனிகளை வாங்க இயக்குநர் குழு ஒப்புக்கொண்டது. (சத்யம் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் மேட்டாஸ்.) குழுவில் பெரிய பெரிய பேராசிரியர்கள் இருந்தார்கள். பங்குதாரர்கள் கொதித்த பிறகுதான் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7-ல் ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்து 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. 2015 ஏப்ரலில் நீதிமன்றம் அவரையும் இன்னும் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்றது.

ஆடிட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்? வங்கியில் பணம் இருக்கிறதா என்று அறிய ஆடிட்டர் நேரே வங்கிக்கு எழுதி, பதிலையும் நேரே வாங்க வேண்டும். கம்பெனி கொண்டுவந்து தருகிற காகிதத்தை நம்பக் கூடாது. அந்தச் சாதாரண வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதுதான் செபி சொன்ன முக்கியக் குறை.

அதற்குப் பிறகு 2013 கம்பெனிச் சட்டம் வந்தது. பட்டியலிட்ட கம்பெனியில் இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை இயக்குநர்கள். ஒரே ஆடிட்டிங் நிறுவனம் பத்து ஆண்டுக்கு மேல் தொடரக் கூடாது. ஒரு கோடிக்குக் குறையாத மோசடி என்று சந்தேகம் வந்தால் ஆடிட்டர் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018-ல் தனி ஆணையமும் வந்தது.

இப்போது மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு. எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அங்கே சரக்கு என்பது அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடிய உப்பு. புத்தகத்தில் 200 டன் என்று எழுதியிருந்தால் ஆடிட்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கூம்பு வடிவக் குவியல், அடி ஆரம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்று வைப்போம். கன அளவு ஏறத்தாழ 19 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1.2 டன் என்று எடுத்தால் 23 டன்னைத் தாண்டாது. மீதி எங்கே? மழையில் கரைந்தது என்பார்கள். கரைந்திருக்கலாம்தான், ஆனால் எவ்வளவு மழை, எந்தத் தேதி என்று கேட்கணும். சர்வே வகுப்பில் படித்தது இங்கேதான் உதவும். அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "ஓலைக்கு அடியில மண்ணா உப்பான்னு கம்பி விட்டுப் பாத்தாங்களான்னு கேளு புள்ள" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

நம் ஊரிலேயே தலைமையகம் உள்ள தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கியது. நூறு ஆண்டு கழித்து 2022 செப்டம்பரில்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 510 ரூபாய். மறு ஆண்டே சென்னையில் ஒரு கார் ஓட்டுநரின் கணக்கில் தவறுதலாக 9,000 கோடி ரூபாய் வரவானது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வங்கி சிறிது நேரத்தில் திருப்பி எடுத்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் படித்தபோது யோசித்தது, அவ்வளவு பெரிய தொகையை ஒருவர் பதிவு செய்தால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டுமே என்பதைத்தான். குவியல் பிரித்த கதைதான்.

எனக்கு இது பரீட்சைப் பாடம் மட்டும் அல்ல. எங்கள் ஆச்சி 1990-களில் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு நிதி நிறுவனத்தில் அம்மா கல்யாணத்துக்கான பணத்தைப் போட்டார். ஒருநாள் கதவு பூட்டியிருந்தது. கையில் இருந்த ரசீதில் ஒரு கையெழுத்தும் சாமி படமும்தான். கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது சித்தப்பா செல்போனிலேயே பங்கு வாங்குகிறார். அப்பாவையும் கூப்பிடுகிறார். வீட்டில் நான்தான் படித்தவள் என்று என்னிடம் கேட்கிறார்கள்.

பட்டியலிட்ட கம்பெனி என்றால் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும், அவ்வளவுதான். பணம் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை என்று சொன்னேன். ஆண்டறிக்கையின் வழவழப் படங்களை விட்டுவிட்டு நேரே ஆடிட்டர் அறிக்கைக்குப் போனேன். கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று முழு மனதாகச் சொல்கிறாரா, 'ஆனால்' போடுகிறாரா? சொந்தக்காரர் கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல் எவ்வளவு? ஆடிட்டர் பாதி வருடத்தில் விலகினாரா? ஒரு அறிக்கையை அப்பாவுக்குத் தமிழில் சொல்லி முடிக்க மூன்று ராத்திரி ஆனது. அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை. ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிய அந்தப் பிரிண்ட் என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் வாங்கிப் பார்க்கலாம்.