பனிக்கு அடியில் எலி

காஷ்மீரில் சோபியான் மாவட்டம். எங்கு பார்த்தாலும் ஆப்பிள் தோட்டங்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு.

அங்கே ஒரு தோட்டம். ஏப்ரல் மாதம் எல்லா மரங்களும் பூத்தன. குடும்பத்தாருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜூலை மாதம் ஆறு மரங்கள் வாடின.

"தண்ணீர் போதவில்லையோ, அம்மா?" என்று மருமகள் கேட்டாள்.

மாமியார் குனிந்தார். அடிமரத்துப் புல்லை விலக்கினார்.

"இங்கே பார் மகளே. சுற்றிலும் பட்டையே இல்லை. பல் பட்ட தடம் தெரிகிறது. இது எலியின் வேலை."

எலி எப்போது கடித்தது? குளிர்காலத்தில். டிசம்பர் 21 முதல் 40 நாள் அங்கே கடுங்குளிர். அதைச் 'சில்லை கலான்' என்பார்கள். தரையைப் பனி மூடிவிடும். எலி பனிக்கு அடியில் வழி அமைத்து ஓடும். இரை கிடைக்காதபோது மரப்பட்டையைத் தின்னும். யார் கண்ணிலும் படாது.

பட்டை போனால் மரம் ஏன் சாகிறது? வேர் உறிஞ்சும் நீர் கட்டை வழியாக மேலே போகிறது. இலை செய்யும் உணவு பட்டை வழியாக வேருக்கு வருகிறது. சுற்றிலும் பட்டை போனால் வேர் பட்டினி கிடக்கும். சேமித்த உணவு தீரும் வரை மரம் பிழைக்கும். பூவும் பூக்கும். பிறகு வாடிவிடும்.

என்ன செய்யலாம்?

1. பனி விழும் முன் அடிமரத்தைச் சுற்றிப் புல்லை வெட்டுங்கள். உதிர்ந்த பழங்களைப் பொறுக்குங்கள். சருகைக் குவிக்காதீர்கள்.

2. அடிமரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள். வலையின் கண் கால் அங்குலம் இருக்கட்டும். அடிப்பக்கம் மண்ணில் புதைய வேண்டும். மேல்பக்கம் பனிக்கு மேலே நிற்க வேண்டும். மரம் பருக்க இடம் விடுங்கள்.

3. பனி பெய்ததும் மரத்தைச் சுற்றி மிதித்து இறுக்குங்கள். எலியின் வழி அடைபடும்.

4. பனி உருகியதும் ஒவ்வொரு மரத்தையும் குனிந்து பாருங்கள். காயத்துக்கு மேலும் கீழும் குச்சிகளைச் செருகிப் பாலம் போல ஒட்டுக் கட்டலாம். வசந்தத்தில் செய்தால் மரம் பிழைக்கலாம். தோட்டக்கலை அலுவலரிடம் முறையைக் கேளுங்கள்.

5. விஷ மருந்து ஆபத்தானது. நாயும் ஆந்தையும்கூடச் சாகலாம். அலுவலரைக் கேட்காமல் வைக்காதீர்கள். சீட்டில் உள்ளதைப் படியுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

அந்த ஆறு மரங்களில் ஒன்றுதான் பிழைத்தது. அதில் ஒரு பக்கம் பட்டை மீந்திருந்தது. புதுக் கன்று நட்டால் காய்க்கப் பல ஆண்டு ஆகும். அக்டோபரில் பழம் பறித்த கையோடு மாமியாரும் மருமகளும் கம்பி வலை கட்டினார்கள்.

சொல்லுங்கள்:
பூத்த மரம் ஏன் வாடியது?
உங்கள் ஊரில் எலி எதை அழிக்கிறது? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?