செங்கற்பட்டில் பிறந்த கடற்படைத் தலைவர்



நம் சுங்குவார்சத்திரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் நம் ஊர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகளுள் பல, துறைமுகத்தை நோக்கியே செல்கின்றன. இங்குள்ள தொழிற்சாலைகளில் உருவாகும் பொருள்கள் அயல்நாடு சேர வேண்டுமானால், கடல்வழி அச்சமின்றி இருக்க வேண்டும். அதைக் காப்பது கடற்படை. அந்தப் படையின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் பிறந்த ஊர் எது தெரியுமா? 1997 வரை நம் ஊரும் அடங்கியிருந்த மாவட்டத்திற்குப் பெயர் தந்த செங்கற்பட்டுதான். அவர் பெயர் ராம் தாஸ் கட்டாரி.

அவர் பிறந்தது 1911 அக்டோபர் 8. அவருக்கு மூன்று வயது நிறையுமுன், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. பொல்லாத ஆளை 'எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொல்வது அதனால்தான். கடலைக் காக்காத நாடு நிலத்தில் நிம்மதியாக உறங்க முடியாது என்பதைச் சென்னை மக்கள் அன்று உணர்ந்தனர்.

அந்நாளில் கப்பல் அதிகாரியாவது இந்தியச் சிறுவர்களுக்கு எளிதன்று. 1927இல் பம்பாயில் 'டஃபரின்' என்னும் பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. வணிகக் கப்பல்களில் அதிகாரிகளாக இந்திய இளைஞரைப் பழக்குவது அதன் நோக்கம். அதில் சேர்ந்த முதல் அணியினருள் கட்டாரியும் ஒருவர். பின்னர் அவர் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை அளக்கும் பணியில் சேர்ந்தார். ஹூக்ளியின் அடிமணல் ஓயாமல் இடம் மாறும். இன்று ஆழமாக இருந்த இடம் சில நாளில் மேடாகிவிடும். அளந்து சொல்பவர் தவறினால் கப்பல் தரைதட்டும். பொறுமையும் துல்லியமும் அங்கே படித்த பாடங்கள்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்போது அரச இந்தியக் கடற்படையிடம் இருந்த போர்க்கப்பல்கள் எட்டே எட்டு. வணிகக் கப்பல் அனுபவம் பெற்றவர்கள் தன்னார்வச் சேமப் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கட்டாரியும் அவ்வழியே கடற்படைக்குள் நுழைந்து, நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்க்கும் கலையில் தேர்ச்சி பெற்றார்.

கண்ணுக்குத் தெரியாத நீர்மூழ்கியை எவ்வாறு கண்டுபிடிப்பது? ஒலியால்தான். அன்று 'ஆஸ்டிக்' என்றும் இன்று 'சோனார்' என்றும் வழங்கும் கருவி, நீருக்குள் ஓர் ஒலித் துடிப்பை அனுப்பும். அது நீர்மூழ்கியின் மீது பட்டு எதிரொலியாகத் திரும்பும். காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. எதிரொலி வர 2 வினாடி ஆனால், போய்வந்த தொலைவு 3,000 மீட்டர். எனவே எதிரி 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறான். நம் பௌதிகப் பாடத்தில் வரும் இந்தச் சிறு கணக்கு, நடுக்கடலில் எத்தனையோ உயிர்களைக் காத்தது.

அந்தப் போரில் இந்திய மாலுமிகள் காட்டிய துணிவுக்கு ஒரு சான்று போதும். 1942 நவம்பர் 11 அன்று, 'பெங்கால்' என்னும் சிறு இந்தியக் கப்பல், 'ஒண்டினா' என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகச் சென்றுகொண்டிருந்தது. பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்கால் ஒதுங்கி ஓடவில்லை. தன் ஒரே சிறு பீரங்கியுடன் அவற்றை நோக்கியே சென்றது. முடிவில் ஜப்பானியக் கப்பல் ஒன்று மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் தப்பின. போர் முடிந்தபோது இந்தியக் கடற்படை 117 கப்பல்களும் 30,000 வீரர்களும் கொண்டதாக வளர்ந்திருந்தது.

1947இல் விடுதலை கிடைத்தது. ஆயினும் கடற்படைத் தலைமையில் அடுத்தடுத்து நான்கு ஆங்கிலேயர்களே இருந்தனர். தரைப்படை 1949இலும் விமானப்படை 1954இலும் இந்தியர் கைக்கு வந்துவிட்டன. கடற்படை மட்டும் ஏன் காத்திருந்தது? கப்பற்படையை நடத்தும் அனுபவம் ஓரிரு ஆண்டில் வருவதன்று. உயர் பதவிக்குரிய பயிற்சி முழுமையாகப் பெற்ற இந்தியர் அன்று மிகச் சிலரே. கட்டாரி படிப்படியாக உயர்ந்தார். 1956இல் இந்தியக் கப்பற் தொகுதியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். 1958 ஏப்ரல் 22 அன்று வைஸ் அட்மிரல் கட்டாரி கடற்படைத் தலைவரானார். டஃபரினில் கால் வைத்த நாளிலிருந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன!

அவர் காலத்தில்தான், 1961 மார்ச் 4 அன்று, விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' நம் படையில் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கோவா விடுதலையிலும் கடற்படை பங்கேற்றது. 1962 ஜூனில் ஓய்வு பெற்ற அவர், ஆந்திராவின் அரசுப் பேருந்துக் கழகத்திற்குத் தலைவராகவும், 1964 முதல் 1969 வரை பர்மாவில் இந்தியத் தூதராகவும் பணிபுரிந்தார். தம் நினைவுகளை ஆங்கில நூலாக எழுதி வைத்து, 1983 ஜனவரி 21 அன்று மறைந்தார்.

மாணவியரே, கட்டாரிக்கு ஒரு நூல் இருக்கிறது. அவருடன் கடலில் உழைத்த ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கும், கொதிகலன் அறைத் தொழிலாளர்களுக்கும், சமையற்காரர்களுக்கும் நூல் இல்லை. போர் முடிந்த ஆண்டில் பதினெட்டு வயதாக இருந்தவர் இன்று நூறு வயதை நெருங்கிவிட்டார். அவர்களைப் பற்றிய நினைவு இப்போது வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலும், பெட்டியடியில் கிடக்கும் பழைய பதக்கத்திலும், மங்கிய புகைப்படத்திலும்தான் தங்கியிருக்கிறது. கேட்பவர் இல்லையென்றால் அதுவும் போய்விடும். பெயர், கப்பல், துறைமுகம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தாலே, ஒரு மனிதரின் வாழ்வு மறதியில் மூழ்காமல் கரை சேரும்.

சிந்திக்கவும் செய்யவும்:

1. எதிரொலி 5 வினாடியில் திரும்பினால் நீர்மூழ்கி எவ்வளவு தொலைவில் இருக்கும்?

2. ஆற்றை அளந்த அனுபவம் கட்டாரிக்குப் பிற்காலத்தில் எவ்வாறு உதவியிருக்கும்?

3. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ படையில் பணியாற்றியவர் உண்டா? தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு பக்கம் எழுதுங்கள்.