வீரம்மாஜி மேல் விழுந்த பழி

பெண் ஆண்டால் ராஜ்யம் உருப்படாது என்று சாதிக்க நினைப்பவர்கள் கர்நாடகத்தில் முதலில் எடுத்து வீசும் பெயர் பிதனூர் ராணி வீரம்மாஜி. இன்று சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற சிற்றூராக இருப்பதுதான் அன்றைய பிதனூர், கேளடி நாயக்கர்களின் கடைசித் தலைநகரம். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற அந்த அரசு 1763-ல் மைசூர் ஹைதர் அலியின் கையில் விழுந்தது. விழுந்த கதையை ஊர் இரண்டே வரியில் முடித்துவிடும்: ராணிக்குக் கள்ளக் காதல், தட்டிக் கேட்ட வளர்ப்பு மகனைக் கொன்றாள், ராஜ்யம் போயிற்று.

இந்த இரண்டு வரியைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வளர்ப்பு மகனைக் கொன்ற பாவத்துக்கு ஹைதர் வந்து தண்டனை கொடுத்தார்.

உண்மை: கணவர் இரண்டாம் பசவப்ப நாயக்கர் 1750-களின் நடுவில் இறந்தபோது, தத்தெடுத்த பிள்ளை சென்னபசவப்பன் பெயரில் வீரம்மாஜி ஆட்சியைக் கையில் எடுத்தார். 1757 வாக்கில் அந்தப் பிள்ளை இல்லாமல் போனான். குளியல் அறையில் உடம்பு பிடித்துவிட்ட மல்லன் ஒருவன், ராணியின் ஏவலில் கழுத்தை முறித்தான் என்பது கதை. இதை விரிவாக எழுதி வைத்தவர் மைசூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ். அவருடைய நூல் வெளிவரத் தொடங்கியது 1810-ல், அதாவது சம்பவம் நடந்து அரை நூற்றாண்டு கழித்து. அதற்குள் கேளடி அரசும் இல்லை, ராணியின் பக்கம் பேச ஆளும் இல்லை. அரண்மனைக் கொலைகள் அந்தக் காலத்தில் அபூர்வமல்ல. ராணி குற்றமற்றவர் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சங்கதியைப் பாருங்கள்.

1763 தொடக்கத்தில் ஒரு இளைஞன் சித்ரதுர்க்கா பாளையக்காரர் மதகரி நாயக்கரின் ஆதரவோடு ஹைதரிடம் வந்து சேர்ந்தான். “நான்தான் சென்னபசவப்பன், கொலைக்குத் தப்பி ஒளிந்து வாழ்ந்தேன்” என்றான். ‘இவனுக்குச் சேர வேண்டிய சிம்மாசனத்தை மீட்டுத் தருகிறேன்’ என்று சொல்லித்தான் ஹைதர் பிதனூர் மேல் படை எடுத்தார். அந்த இளைஞன் மெய்யான இளவரசன் என்றால் வீரம்மாஜி கொலைகாரி அல்ல. வீரம்மாஜி கொலைகாரி என்றால் ஹைதர் அழைத்து வந்தது போலி. ஒரே ராணி மேல் இரண்டு பழியும் ஒட்டாது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தேதான் இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறோம்.

வெற்றிக்குப் பின் நடந்ததுதான் விஷயத்தைத் தெளிவாக்குகிறது. ஹைதர் சிம்மாசனத்தை அந்த இளைஞனுக்குக் கொடுக்கவில்லை. ஊருக்கு ஹைதர்நகர் என்று தன் பெயரை வைத்தார். ராணியை மதுகிரிக் கோட்டையில் அடைத்தார். அந்த இளைஞனையும் அங்கேயே அடைத்தார். நீதி கேட்டு வந்த படையாக இருந்திருந்தால் வாதியையும் பிரதிவாதியையும் ஒரே சிறைக்கு அனுப்பியிருக்குமா?

நம்பிக்கை: ராணியின் நடத்தையால்தான் அரசு கவிழ்ந்தது.

உண்மை: வீரம்மாஜி மக்கள் கொண்டாடிய ராணி அல்ல. நிம்பையா என்பவரோடு சேர்த்துப் பேசப்பட்ட பேச்சு லிங்காயத்து மடங்களும் வணிகர்களும் செல்வாக்கோடு இருந்த அந்த நாட்டில் அவர் மரியாதையைக் கெடுத்தது உண்மை. சிறையில் போடப்பட்டிருந்த முன்னாள் மந்திரி லிங்கண்ணாதான் ஹைதருக்கு மலைக்காட்டு ரகசிய வழியைக் காட்டினார். உள்ளே பகை இருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதை மறைத்து ராணிக்கு வக்காலத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

ஆனால் ராணி ஒழுக்கமே உருவானவராக இருந்திருந்தால் ஹைதர் வராமல் இருந்திருப்பாரா? 1761 ஜனவரியில் பானிபட்டில் மராத்தியர் நொறுங்கினார்கள். தெற்கே அவர்களுடைய பிடி தளர்ந்தது. அதே ஆண்டு மைசூர் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்த ஹைதர், ஹொஸகோட்டே, சீரா, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். அந்த ஊர்களில் எந்த ராணி யாரைக் காதலித்தாள்? வரிசையில் அடுத்து நின்றது பிதனூர். அதுவும் சும்மா ஊரல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகும் பாக்கும், கடற்கரை நெல்லும் மங்களூர் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய நாடு அது. போர்ச்சுகீசியர்கள் ஒப்பந்தம் போட்டு மிளகு வாங்கிய நாடு. பணம் அங்கே இருந்தது, ஹைதருக்குப் பணம் வேண்டியிருந்தது.

பெண் ஆட்சி என்பதே குறை என்றால், அதே சிம்மாசனத்தில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்த சென்னம்மாவை எங்கே வைப்பது? சிவாஜியின் மகன் ராஜாராமுக்கு இடம் கொடுத்து, தேடி வந்த ஔரங்கசீப்பின் படையை எதிர்த்து நின்றவர் அவர்.

தமிழ்நாட்டிலும் இதே வாய்பாடு உண்டு. மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி ராணி மீனாட்சி, ஆர்க்காட்டு நவாபின் ஆள் சந்தா சாகிப்பின் மேல் மயங்கித் திருச்சிக் கோட்டையைத் திறந்துவிட்டார் என்பார்கள். ராணியின் கணவர் விஜயரங்க சொக்கநாதர் 1732-ல் வாரிசில்லாமல் இறந்தார். பங்காளி வங்காரு திருமலை பட்டத்துக்கு உரிமை கொண்டாடினார். இரண்டு தரப்பும் ஆர்க்காட்டு நவாபின் ஆட்களுக்குப் பணம் பேசின. ராணி சந்தா சாகிப்புக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது ஒரு கோடி ரூபாய் என்று சொல்லப்படுகிறது. 1736-ல் சந்தா சாகிப் கோட்டையை எடுத்துக்கொண்டு ராணியைச் சிறை வைத்தார். ராணி விஷம் குடித்து இறந்தார் என்கிறது வரலாறு. பங்காளிச் சண்டையும் வெளியாள் பஞ்சாயத்தும் தின்ற ராஜ்யத்தைக் காதல் கதையாக்கிவிட்டோம்.

பிரான்ஸில் ராணி மேரி ஆன்ட்வானெட் பட்ட பாடும் இதுதான். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று அவர் சொன்னதாகச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த வகைப் பேச்சை ஒரு பெரிய இளவரசியின் வாயில் வைத்து ரூசோ எழுதியது 1760-களில். அப்போது ஆன்ட்வானெட் வியன்னாவில் சிறுமி. பழி அவர் மேல் விழுந்தாலும், பிரெஞ்சு அரசின் கஜானாவைக் காலி செய்ததில் பெரும்பங்கு போர்க்கடனுக்கு, அதிலும் அமெரிக்கப் போருக்கு வாங்கிய கடனுக்கு. ஹைதரின் மகன் திப்பு அனுப்பிய தூதர்கள் 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி முன் உதவி கேட்டு நின்றபோது, கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

நம்பிக்கை: வீரம்மாஜி எதிர்க்கவே இல்லை, விட்டுவிட்டு ஓடினார்.

உண்மை: ஓடினார், அது சரி. அதற்கு முன் ஹைதரைத் திருப்பி அனுப்பப் பேரம் பேசினார். 4 லட்சம் வராகனில் தொடங்கி 18 லட்சம் வரை ஏற்றினார் என்று வில்க்ஸ் சொல்கிறார். பேரம் படியவில்லை. கிளம்பும்போது அரண்மனைக்குத் தீ வைக்கச் சொன்னார். ஹைதரின் ஆட்கள் அணைத்துவிட்டார்கள். தெற்கே பல்லாளராயன துர்க்கத்தில் பிடிபட்டார். 1767-ல் மராத்திய பேஷ்வா மாதவராவ் மதுகிரியைப் பிடித்து அவரை விடுவித்தார். புனா போகும் வழியிலேயே ராணி இறந்தார்.

நம்பிக்கை: இது மலைநாட்டுச் சங்கதி, பெங்களூர் ஜோகுபாளையத்துத் தமிழருக்கு இதில் என்ன?

உண்மை: நிறைய இருக்கிறது. பிதனூர் கொள்ளையை வில்க்ஸ் 1 கோடியே 20 லட்சம் ஸ்டெர்லிங் பவுண்டு என்று மதிப்பிட்டார். தொகை மிகையாக இருக்கலாம். ஆனால் தன் பெருமைக்கெல்லாம் அடித்தளம் பிதனூர்தான் என்று ஹைதரே சொல்லி வந்ததாக அவர் எழுதியிருக்கிறார். மங்களூரும் அதோடு கிடைத்தது. ஹைதர் கப்பல் கட்டினார். அந்தப் பலத்தில்தான் 1769-ல் சென்னையின் வாசல் வரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். 1780-ல் ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். மைசூருக்கும் கம்பெனிக்கும் நடந்த போர்கள் 1799-ல் திப்புவின் மரணத்தோடு முடிந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலில் அவதிப்பட்ட கம்பெனிப் படை 1809-ல் அல்சூர் பக்கம் கன்டோன்மென்ட் போட்டது. படையோடு சிப்பாய்கள், கொத்தனார்கள், சலவைத் தொழிலாளர்கள், சமையல்காரர்கள், கடைக்காரர்கள் எனத் தமிழ்க் குடும்பங்கள் வந்து அல்சூரிலும் சுற்றியுள்ள பாளையங்களிலும் தங்கின. ஜோகுபாளையத்தில் இன்று கேட்கும் தமிழுக்கு இந்த வரவு ஒரு பெரிய காரணம்.

இனி யாராவது வீரம்மாஜி பேச்சை எடுத்து “அந்தப் பொம்பளையாலதான் எல்லாம் போச்சு” என்றால், மதுகிரிக் கோட்டையில் அவரோடு அடைபட்ட அந்த இளைஞன் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.