மேடை ஏறாத ஊழியம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

"எனக்குப் பிரசங்கம் பண்ண வராது, பாட்டும் வராது, கர்த்தருக்கென்று நான் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டிருந்தீர்கள். பலர் மனதிலும் இதே கேள்வி இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். அந்த நாளில் அது வேலைக்காரன் செய்கிற வேலை. காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசையும் அவர் ஒதுக்கவில்லை.

அதே வழியில் நடந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொல்கிறேன். கொல்லிமலையில் ஒரு மிஷனெரி தம்பதிக்கு 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து கவனித்தபோது வேறு காரணம் தெரிந்தது. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. முள் குத்தினாலும் சட்டி சுட்டாலும் உறைப்பதில்லை. கவனிக்காத காயம் புண்ணாகி எலும்புவரை போய்விடுகிறது. மடங்கிப்போன விரல்களை அவர் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். உலகம் அதைப் பாராட்டியது.

அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மரத்துப்போன பாதத்தைக் காப்பாற்றுவதோ அன்றாட வேலை. காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் பூசி, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாளும் அதேதான். கலாத்தியருக்குப் பவுல் எழுதிய ஆவியின் கனியில் நீடிய பொறுமையும் தயவும் சாந்தமும் உண்டல்லவா? அவை நம்மிடம் இருக்கின்றனவா என்பது இப்படிப்பட்ட வேலையில்தான் தெரியவரும்.

பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் இன்னொன்றும் செய்தார்கள். நோயாளிகள் தங்கள் பாதங்களைத் தாங்களே பேணக் கற்றுக்கொடுத்தார்கள். கை சரியாகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தச்சுவேலை பழக்கினார்கள். உதவி வாங்குகிறவர் எப்போதும் நம்மை அண்டியே இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டால் அங்கே பெருமை புகுந்துவிட்டது என்று அர்த்தம். உண்மையான தாழ்மை அடுத்தவரைச் சொந்தக் காலில் நிற்க வைக்கும்.

ஆவியின் இந்தக் கனியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைக்க முடியாது, சகோதரி. கர்த்தரில் நிலைத்திருக்கிறவர்களுக்குள் அவரே அதை விளையச் செய்கிறார். ஆகவே தினமும் அவர் பாதத்தில் காத்திருங்கள். பிறகு உங்கள் தெருவில் படுத்த படுக்கையாய் இருக்கிற ஒருவரிடம் போங்கள். என்ன வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். நகம் வெட்டிவிடச் சொன்னால் வெட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருக்கச் சொன்னால் உட்கார்ந்து பேசுங்கள். சபையில் அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரமும் போங்கள். கர்த்தர் உங்களுக்குக் கொடுத்திருக்கிற ஊழியம் அதுவே.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்