ஸ்கூட்டரில் சென்றால் பணம் மிச்சமாகுமா?

“சிறு துளி பெரு வெள்ளம்” என்பது நம் பெரியோர் வாக்கு. ஸ்கூட்டர் வாங்கினால் போக்குவரத்துச் செலவு குறையும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அது மெய்தானா என்று கணக்குப்பதிவியல் வகுப்பில் தேய்மானப் பாடம் முடிந்த மறுநாள் நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை ஸ்கூட்டர் வாங்க விரும்பினார். கையில் இருந்த பணமோ அவளுடைய கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்தது. ஆகவே இது எங்களுக்கு வெறும் பயிற்சிக் கணக்காக இருக்கவில்லை.

அவர் வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர். மாதம் 25 நாட்களுக்கு 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், 15 லிட்டருக்கு 1,500 ரூபாய். பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்குமாக அவர் கொடுத்து வந்தது 2,000 ரூபாய். “மாதம் 500 ரூபாய் மிச்சம்!” என்று மகிழ்ந்தோம்.

ஆனால் எங்கள் ஆசிரியை, “தேய்மானம் எங்கே?” என்று கேட்டார்கள். 90,000 ரூபாய்க்கு வாங்கும் வண்டியை எட்டு ஆண்டுகள் கழித்து 18,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொண்டால், நேர்கோட்டு முறைப்படி ஆண்டுக்கு 9,000. மாதத்துக்கு 750 ரூபாய். காப்பீடு, என்ஜின் ஆயில், டயர், பழுது ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 6,000 என்றால் மாதம் 500. ஆக மொத்தம் 2,750 ரூபாய். மிச்சம் என்று நினைத்த இடத்தில் 750 ரூபாய் கூடுதல் செலவு நின்றது! 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபின், அவற்றில் செல்லும் அன்னையருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது.

அப்படியானால் ஸ்கூட்டரால் சேமிப்பே இல்லையா? உண்டு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் தனியே செல்பவர் அதே 600 கிலோமீட்டருக்கு 4,000 ரூபாய் பெட்ரோல் போடுகிறார். வீட்டில் இருக்கும் ஸ்கூட்டருக்கு அவர் மாறினால் பெட்ரோலில் மட்டும் 2,500 ரூபாய் மீதி. 1946-ஆம் ஆண்டு இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டபோதும், போரால் நொடிந்து கார் வாங்க இயலாதிருந்த மக்களுக்கே அது கைகொடுத்தது. எனவே எதில் ஏறுகிறோம் என்பதைவிட எதை விட்டு ஏறுகிறோம் என்பதே முக்கியம்.

ஸ்கூட்டர் வைத்திருப்போர் டயரில் சரியான காற்று, சீரான வேகம், காலத்தில் பராமரிப்பு, ஒரே பயணத்தில் பல வேலைகள் ஆகியவற்றால் எரிபொருளைச் சேமிக்கலாம். தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. நம்மைப் போன்ற சிறுமியர் வண்டி ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு.

எங்கள் கணக்கைத் தோழியின் தந்தை பொறுமையாகப் படித்தார். “ஸ்கூட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வருவேனே, அதை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?” என்று கேட்டார். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. பின்னர் அவரே, “நீ கல்லூரியில் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், அம்மா” என்று மகளிடம் சொன்னார். இன்றும் அவர் பேருந்தில்தான் செல்கிறார்.

செலவை முழுமையாக எழுதிப் பார்ப்பதே சேமிப்பின் முதற்படி. அந்த ஏட்டில் எழுத முடியாத அன்பையும் நாம் மறவாதிருப்போமாக!

— பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் மாணவியர்