காயமுற்ற காட்டுயிரும் நம் கடமையும்

உறுப்பினர் கல்விப் பகுதியில் கடன் விதிகள், பங்குத்தொகை, விதை நேர்த்தி, நூல் இருப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் எழுதி வருகிறோம். இத்திங்கள் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். நம் கையாலேயே நேர்ந்த ஒரு பிழைதான் அதற்குக் காரணம்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு மாசி மாதத்தில், திருச்சுழி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சங்க ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே கூச்சல் கேட்டது. கண்மாய்ப் பக்கத்துச் சீமைக்கருவேலங் காட்டிலிருந்து தண்ணீர் தேடி வந்த புள்ளிமான் ஒன்றை ஊர் நாய்கள் துரத்தியிருந்தன. பின்னந்தொடையில் கடிபட்டு, அது ஒரு பருத்திப் புஞ்சைக்குள் விழுந்து கிடந்தது. நாய்களை விரட்டினார்கள். அதற்குள் நாற்பது பேர் கூடிவிட்டனர். கால்களைக் கயிற்றால் கட்டி, ஊர்ச் சாவடிக்குத் தூக்கி வந்தோம். வாய் பிளந்து மூச்சு வாங்கியது. தாகம் என்று எண்ணினோம். தலையை நிமிர்த்திப் பிடித்துச் செம்பால் தண்ணீர் ஊற்றியவர்களுள் நாமும் ஒருவர்.

ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் மட்டும், “ஐயா, எட்டத்துல நில்லுங்க. மனுச வாடையே அதுக்கு ஆகாது” என்று இரண்டு முறை சொன்னார். படித்தவர்களாகிய நாம் அதனைச் செவியில் வாங்கவில்லை. வனத்துறையினர் வருமுன் மான் இறந்துவிட்டது. பின்னர் அதனைப் பார்த்த கால்நடை மருத்துவர், “இந்தக் காயம் உயிரைப் போக்கும் காயமன்று” என்றார். அந்தச் சொல் இன்றும் நம் மனத்தில் இருக்கிறது. இரக்கம் இல்லாமையால் அம்மான் சாகவில்லை. இரக்கப்பட்ட நமக்கு முறை தெரியாமையால் செத்தது. ஆகவே இப்பாடம்.

1. மருட்சியே பெருங்காயம்

ஆடு மாடுகள் மனிதர் கையில் பிறந்து வளர்ந்தவை. நாம் தடவிக் கொடுத்தால் அவை அமைதியடையும். காட்டுயிர் அவ்வாறன்று. அதற்கு மனிதன் ஒரு வேட்டை விலங்கு. நம் நிழல் மேலே விழுவதும், பலர் பேச்சொலியும், கை படுவதும் அதற்குக் கொல்லப்படப் போகும் அறிகுறிகளாகவே தோன்றும்.

மான் இனத்தில் இதனால் விளையும் கேடு பெரிது. துரத்தப்பட்டு ஓடியபின் பிடித்துக் கட்டப்பட்டால், உடலில் வெப்பம் ஏறுகிறது. தசைகளில் அமிலம் சேர்கிறது. தசை நார்கள் சிதைகின்றன. சிதைந்த பொருள் குருதியில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இதயமும் தளர்கிறது. சில வேளை அப்போதே சாகும். சில வேளை, நன்றாயிருக்கிறது என்று விடுவித்தபின், இரண்டொரு நாள் கழித்தும் சாகும். பிடிபடுவதால் வரும் தசைச் சிதைவு என்று கால்நடை மருத்துவர்கள் இதனைக் கூறுவர்.

வாயில் தண்ணீர் ஊற்றுவதும் இவ்வாறே. மயங்கியும் மூச்சு வாங்கியும் கிடக்கும் பிராணிக்கு விழுங்கும் ஆற்றல் குறைவு. ஊற்றிய நீர் இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் செல்லும். சோடா, பால், இளநீர் எல்லாவற்றிற்கும் இது பொருந்தும்.

நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். சிக்கு விழுந்த சிட்டத்தைப் பதறி இழுத்தால் இழை அறும். தறியை விட்டு இறங்கி, கையை அமைத்து, நுனியைத் தேடுகிறவரே சிக்கை எடுப்பார். காயமுற்ற உயிரிடத்தும் முதலில் அமைய வேண்டியவை நம் கைகளே.

2. திருச்சுழியிற் பிறந்தவரும் ஒரு மானும்

காயம் ஆறினால் நாமே வளர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பர். குட்டியாக இருந்தால் இந்த ஆசை மிகும். இதற்கு நம் வட்டாரத்தோடு தொடர்புடைய வரலாறு ஒன்று விடை தரும்.

ரமண மகரிஷிகள் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தவர். 1896இல் திருவண்ணாமலை சென்று, 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர். பசு, நாய், குரங்கு, அணில், மயில் ஆகியவற்றிடம் அவர் காட்டிய பரிவு யாவரும் அறிந்தது. ஆசிரமத்தில் வள்ளி என்ற மான் ஒன்று வளர்ந்தது. அது மனிதரைக் கண்டு அஞ்சாது. மகரிஷிகளின் பாதங்களில் நெற்றியை வைத்து நிற்கும். ஒரு நாள் மேயச் சென்ற ஆடுகளுடன் வெளியே போனபோது, யாராலோ தாக்கப்பட்டுப் பெருங்காயமுற்றது. சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. அதன் கடைசி நேரத்தில் மகரிஷிகள் அருகே அமர்ந்திருந்தார். வள்ளியின் சமாதி ரமணாசிரமத்தில் இன்றும் உள்ளது.

அன்பில் அங்கே குறைவில்லை. இன்றுள்ள சட்டமும் அன்று இல்லை. ஆயினும் நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரமத்து மனிதரிடம் அச்சத்தை மறந்த மான், வெளியிலுள்ள மனிதரிடமும் அஞ்சாமல் நிற்கும். எல்லாக் கைகளும் ஒரே வகையின அல்ல என்பது அதற்குத் தெரியாது. காட்டுயிருக்கு அச்சமே வேலி. நம் வீட்டில் வளர்ப்பது அந்த வேலியைப் பிடுங்குவதாகும்.

தனியே படுத்திருக்கும் மான் குட்டி அனாதை என்று எண்ணித் தூக்கி வருவதும் தவறு. குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் சென்று, பாலூட்டத் திரும்பி வருவது தாய்மானின் இயல்பு. குட்டி காயமின்றி இருந்தால் விலகி வந்துவிடுவதே உதவி.

3. செய்யத்தக்கவை

ஒன்று: நாய்களை விலக்குக, மக்களை விலக்குக. இருவர் மட்டும் எட்டத்தில் காவல் நிற்க, மற்றவர் கலைந்து செல்லட்டும். கைப்பேசியில் படம் எடுக்க நெருங்குவதும் கூடாது.

இரண்டு: உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க. வனச்சரக அலுவலக எண் கைவசம் இல்லையெனில் காவல் நிலையத்திற்கோ 112 என்ற அவசர எண்ணிற்கோ சொல்லலாம். எந்தப் பிராணி, எவ்விடம், எழுந்து நிற்கிறதா, குருதி ஒழுகுகிறதா என்ற நான்கையும் கூறுக.

மூன்று: வெயிலில் கிடந்தால், சற்றுத் தள்ளிக் கம்பு நட்டு, ஓசையின்றி நிழல் அமைக்க. அகன்ற தட்டில் தண்ணீர் வைத்து அகன்றுவிடுக. தானே குடித்தால் குடிக்கட்டும்.

நான்கு: நகர்த்தியே ஆகவேண்டிய இடத்தில், அதாவது சாலையிலோ நாய்கள் நடுவிலோ கிடந்தால், முதலில் கண்களைத் துணியால் மூடுக. மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும். ஒளி மறைந்தால் மருட்சி பெரிதும் குறையும். மானின் கொம்பும் குளம்பும் ஆளைக் காயப்படுத்தவல்லவை. பழகாதவர் முயல வேண்டா.

ஐந்து: கிணற்றில் விழுந்த பிராணியை நோக்கிக் கூச்சலிடுவதும் கயிறு வீசுவதும் அதனை நீந்தி நீந்திக் களைக்கச் செய்யும். மிதக்கும் மரத்துண்டையோ படலையோ மெல்ல இறக்கிவிட்டு, தீயணைப்பு நிலையத்தை அழைக்க. பயிற்சி இல்லாதார் உள்ளே இறங்க வேண்டா.

ஆறு: மஞ்சள் தடவுதல், எண்ணெய் ஊற்றுதல், முறிந்த காலை மூங்கில் வைத்துக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யற்க. குருதி பீறிட்டால் மட்டும் தூய பருத்தித் துணியை அழுத்திப் பிடிக்கலாம்.

நம் உயிரும் கருதத்தக்கதே. நரி, குரங்கு, கீரி, காட்டுப்பூனை ஆகியவற்றால் வெறிநோய் பரவக்கூடும். வெறிநாய் கடித்த மானுக்கும் அந்நோய் வரக்கூடும். ஆகவே உமிழ்நீர் படத் தொடுதல் கூடாது. கடியோ கீறலோ ஏற்பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தல் அரிதினும் அரிது.

4. மயிலும் நஞ்சும் நூலும்

நம் புஞ்சைகளில் மிகுதியாகக் காணப்படும் காட்டுயிர் மயிலே. விதைத்த மக்காச்சோளத்தையும் பயறு வகைகளையும் கிளறித் தின்று நட்டம் விளைவிக்கிறது என்பது உண்மை. இரு முறை விதைக்க நேர்ந்த விவசாயியிடம் சென்று மயிலின் அழகைப் பற்றிப் பேசுவது முறையன்று. அவர் வருத்தத்தை நாம் அறிவோம். ஆயினும் நஞ்சு அதற்கு மருந்தாகாது. மயிலுக்கு வைத்த நஞ்சைக் கோழி தின்னும், ஆடு தின்னும். செத்த மயிலைத் தின்ற நாயும் சாகும்.

நஞ்சு வைக்க எண்ணாதவர் புஞ்சையிலும் மயில் சாவதுண்டு. மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை மண்ணுக்கு மேலே சிந்திக் கிடந்தால், அதனைப் பொறுக்கித் தின்று நஞ்சேறும். ஆகவே விதையை மண்ணால் நன்கு மூடுக. வரப்பில் சிந்தியதைக் கூட்டி அள்ளிப் புதைக்க. நிற்க முடியாமல் நடுங்கி, வாயில் நீர் வழிய மயில் கிடந்தால் நஞ்சு என்று ஐயுறலாம். வெறுங்கையால் தொடாமல், அருகில் பயன்படுத்திய மருந்தின் பெயரை அறிந்து, அதன் உறையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. எந்த நஞ்சு என்பது தெரிந்தால் மாற்று மருந்தை அவர் காலம் தாழ்த்தாமல் கொடுக்க இயலும்.

அடிபட்ட மயிலைப் பாதுகாக்க, அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி, கோழிப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடி, நிழலில் விடுவதே போதும். மார்பை இறுக்கிப் பிடித்தல் ஆகாது. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு உண்டு. இறுக்கிய கையே அதற்குத் தூக்குக் கயிறாகிவிடும்.

இனி நெசவாள உறுப்பினர்கட்கு ஒரு சொல். தறிக்குழியருகே சேரும் நூல் கழிவு குப்பையோடு சேர்ந்து, எருவாகப் புஞ்சைக்குப் போகிறது. பருத்தி இழை நாளடைவில் மக்கும். பாலியெஸ்டர், நைலான் இழைகள் எளிதில் மக்கா. மேயும் பறவையின் காலில் அவ்விழை சுற்றினால், இறுகி, குருதி ஓட்டம் தடைப்பட்டு, விரல் அழுகி விழும். பாரிசு நகரப் புறாக்களைப் பற்றி 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முடிதிருத்தும் நிலையங்கள் மிகுந்த பகுதிகளில் விரலிழந்த புறாக்களும் மிகுதி என்று கண்டது. முடியே அவ்வாறு செய்யுமாயின் நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே கழிவு இழையைத் தனிச் சாக்கில் சேர்த்துக் கழிவு நூல் வாங்குவோரிடம் கொடுத்தல் நன்று. காயமுற்ற பறவையை மூடும் துணியும், ஓரம் பிரிந்து இழை தொங்காத நெருக்க நெசவாக இருத்தல் வேண்டும்.

5. சட்டம் கூறுவது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2022இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 1-4-2023 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி காட்டுயிரைக் கொல்வது மட்டுமன்றிப் பிடிப்பதும் வேட்டையே. 39ஆம் பிரிவின்படி, அரசின் உடைமையாகிய காட்டுயிர் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ உரிய அலுவலருக்கோ அவர் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு எடுத்து வந்தவருக்கும் இது பொருந்தும். உடனே தெரிவித்தவர் உதவியவராவார். மறைத்து வைத்தவர் குற்றவாளியாவார்.

1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அவ்வட்டவணை உயிர்களை வேட்டையாடுவோர்க்கு மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளும் சிறையும், ரூ.25,000க்குக் குறையாத அபராதமும் உண்டு. இறந்த மானின் இறைச்சியைப் பங்கிடுதலும் குற்றமே. ‘செத்ததுதானே’ என்ற வாதம் செல்லாது.

6. சங்கம் செய்யத்தக்கது

இது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. சங்க அறிவிப்புப் பலகையில் வனச்சரகம், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், கால்நடை மருந்தகம் ஆகியவற்றின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். நிதானம் உடைய இரண்டு மூன்று உறுப்பினர்களை இதற்கெனக் குறித்து வைக்கலாம். ஒரு பஞ்சாரம், கெட்டியான இரண்டு துணிகள், கையுறை, சோப்பு ஆகியவை சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையில் இருக்கலாம். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளைக் கணக்கெடுத்து, முள்வேலியாவது இடச் செய்யலாம். மனிதக் குழந்தைகட்கும் அது காப்பாகும்.

நம் அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பல ஆண்டுகளாக இதனைக் காத்து வருகின்றனர். ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே கட்டுப்பாடு அது. ஊரொப்பிய கட்டுப்பாட்டின் வலிமை கூட்டுறவாளராகிய நமக்குப் புதிதன்று.

அந்த மூதாட்டியை மறு ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது கண்டோம். நாம் தவறு செய்ததை ஒப்புக்கொண்டோம். “அடுத்த தடவ கேட்டுக்குங்க ஐயா” என்று மட்டும் சொல்லி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கேட்டுக்கொள்வதற்காகவே இதனை எழுதினோம்.

உறுப்பினர் வட்டத்தில் ஆராய வினாக்கள்

1. மூச்சு வாங்கிக் கிடக்கும் மானின் வாயில் ஏன் தண்ணீர் ஊற்றலாகாது?

2. தனியே கிடக்கும் மான் குட்டியைக் கண்டால் எதனை முதலில் பார்ப்பீர்?

3. உமது ஊரில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் எத்தனை? அவற்றிற்கு வேலியிடும் பொறுப்பு யாருடையது?

4. உமது தறியின் கழிவு நூல் இப்பொழுது எங்கே போகிறது?